பூசை எடுக்காத கராஜ்

அப்பா ஓட்டுகிற வானில் வோட்டர் பம்ப் உடைந்தது. அதனால்தான் கப்பல்துறைக்குப் போனோம். வேறு காரணம் ஒன்றும் இல்லை என்று அம்மா மாமியிடம் சொன்னார். மாமி கேட்கவில்லை. கேட்காமலே அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்பா உப்புவெளியிலிருந்து மீன் பெட்டி ஏற்றி ஓடுகிறவர். வான் படுத்தால் வீடும் படுக்கும். பட்டணத்துக் கடைகளில் எல்லாம் பம்ப் கேட்டார். "இந்த வான் இன்னும் ஓடுதா அண்ணை?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். பம்ப் இல்லை.

மாமாவின் கடையில் கிடக்கும் என்று சொன்னது மாமிதான்.

மாமா அம்மாவின் அண்ணன். கப்பல்துறையில் கண்டி வீதி ஓரமாக, முன்னுக்கு ஸ்பெயார் பாட்ஸ் கடையும் பின்னுக்குக் கராஜும் வைத்திருந்தார். நான் கைப்பிள்ளையாக இருந்தபோது ஒரு விஜயதசமி காலையில், கடை திறக்கப் போகிறேன் என்று சைக்கிளில் போனவர் திரும்பவில்லை. அன்று பாதையில் கரைச்சல், வெடிச் சத்தம். பிறகு அந்தப் பக்கம் போகவே விடவில்லை. கடைக்குப் பக்கத்தில் ஆமிக் காம்ப் வந்துவிட்டது.

ஆனால் மாமாவை ஒருவர் கண்டிருக்கிறார். கடையிலிருந்து ஸ்பானர் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, இந்தியாவுக்குப் போகிற வள்ளத்தில் ஏறினாராம். கண்டவரை நாங்கள் கண்டதில்லை. கண்டவர் சொன்னதைக் கேட்டவர்தான் வந்து சொன்னார். மாமிக்கு அது போதும். எங்கள் வீட்டில் இருந்துகொண்டு இடியப்பம் அவித்து விற்றார். மாமா கூப்பிடுவார் என்று இருந்தார்.

சமாதானம் வந்தது. தடையை எடுத்தார்கள். அப்போதும் எங்கள் வீட்டில் ஒருவரும் கராஜ் பக்கம் போகவில்லை. நேரமில்லை, பஸ் இல்லை, வெயில் என்று ஏதாவது இருந்தது.

போன அன்று பஸ்ஸில் இடம் இருந்தது. அம்மா சீற்றில் இருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சீனக்குடா தாண்டியும் நின்றே வந்தார். முந்தானையை முறுக்குவதும் விடுவதுமாக இருந்தார்.

கடை பூட்டியபடியே கிடந்தது. காம்பின் காவல் சென்றிக்கு நேர் முன்னால் என்றபடியால் ஒருவரும் உடைக்கவில்லை. மாமியிடம் இருந்த மற்றத் திறப்பு பூட்டுக்குள் போனது, சுற்றவில்லை. பின்னால் போனோம். கராஜின் இரும்புக் கதவு உள்ளே தாழ் போட்டபடி இருந்தது. அதற்குப் பக்கத்துச் சுவரில் காற்றாடி வைக்க வெட்டிய ஓட்டை ஒன்று. என் அளவு.

அப்பா என்னைத் தூக்கினார்.

"பயப்பிடாத பிள்ளை. உள்ள வௌவால்தான்."

"வௌவாலுக்குத்தான் பயம்," என்றேன்.

"அதுக்கும் உன்னைப் பாத்தாப் பயம்தான். இறங்கு."

ரயர் அடுக்கின் மேல் விழுந்தேன். உள்ளே பழைய ஓயில் மணம். குழிக்கு மேல் எஞ்சின் இல்லாத கார் ஒன்று நின்றது. அதன் சீற்றுக்குள்ளிருந்து எலியோ என்னவோ ஓடியது. மேலே வௌவால் அசைந்தது. எனக்கு ஒரு இடத்தில் கால் வைத்து நிற்க முடியவில்லை. வலது காலைத் தூக்கினேன், பிறகு இடது காலைத் தூக்கினேன்.

"தட்டுகள் இருக்கும், பார்," அப்பா ஓட்டையால் கத்தினார். "பம்ப் எல்லாம் கடதாசி சுத்தி வச்சிருப்பான்."

"இருட்டு. ஒண்டும் தெரியேல்ல."

"அப்ப கதவைத் திற."

தாழ் துருவேறி இறுகி இருந்தது. இழுத்தேன், தொங்கினேன்.

"ஏலாது அப்பா."

"அடிச்சுத் திற. கராஜில சுத்தியல் இல்லாமலோ? தேடு."

தேடினேன். ஓட்டை வெளிச்சம் விழுந்த இடத்தில் நீள மேசை. அதில் சுத்தியல் இருந்தது. ஸ்பானர், குறடு, திருப்புளி எல்லாம் இருந்தன. ஆனால் வரிசையாக இருந்தன. அடியில் கறுத்துத் தூளாகிப் போன வாழையிலை. பின்னால் சுவரில் சரஸ்வதி படம். முன்னால் கற்பூரத் தட்டு.

"சுத்தியல் இருக்கு அப்பா. ஆனா பூசைக்கு வச்சிருக்கு."

வெளியே அம்மா அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

பூசை வைப்பது எனக்கு நல்லாய்த் தெரியும். சரஸ்வதி பூசை அன்று, வேலை செய்கிற சாமானைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் படத்துக்கு முன்னால் அடுக்கிவிட வேண்டும். மறுநாள் விஜயதசமி. அன்று காலை வைத்தவரே வந்து, கும்பிட்டு எடுத்து, சின்னதாய் ஒரு வேலையாவது செய்ய வேண்டும். அதுவரைக்கும் ஒருவரும் தொடக்கூடாது. பள்ளிக்கூடத்தில் கொப்பியை வைத்தால் ஒரு நாள் படிக்கத் தேவையில்லை. எனக்குப் பிடித்த பூசை அதுதான்.

"தொடாத!" என்றார் அம்மா.

"தொடாமல் எப்பிடி அடிக்கிறது?" அப்பா. "எந்தக் காலத்துப் பூசை. பிள்ளை, எடுத்து அடி."

"தொடாத எண்டுறன்."

"இஞ்சேர், ஆமிக்காரன் ரோட்டில நிண்டு பாக்கிறான்."

"பாக்கட்டும்."

நான் கையை நீட்டினேன், மடக்கினேன். யார் சொல்வதைக் கேட்பது? வௌவால் ஒன்று தலைக்கு மேலால் போனது.

அம்மா கதவு நீக்கலில் வாயை வைத்துக் கதைத்தார். குரல் சின்னதாக வந்தது.

"பிள்ளை, வடிவாப் பார். பொட்டு இருக்கோ?"

"ஓம். எல்லாத்திலயும்."

"ஒண்டையாவது எடுத்த மாதிரி இருக்கோ? நடுவில இடைவெளி?"

"இல்ல. சின்னனில இருந்து பெரிசு வரைக்கும் அப்பிடியே கிடக்கு."

"பை?"

"மடிச்சு வச்சிருக்கு. அதிலயும் பொட்டு."

வீதியில் லொறி ஒன்று போய், சத்தம் தேய்ந்தது.

"அம்மா?"

போய்விட்டார்களோ என்று கதவில் தட்டினேன்.

"சரி," என்றார் அம்மா. "எடு. எடுத்து அடி."

அப்பா வென்றுவிட்டார் என்று நினைத்தேன். வீட்டில் அப்பா வெல்வதில்லை. அதனால் எனக்கு ஆச்சரியம்.

தாழ் கழன்றது. கதவு திறந்ததும் வெளிச்சம் விழுந்தது. அப்பா மேல் தட்டில் கையை விட்டுத் துழாவி, எண்ணெய்க் கடதாசி சுற்றிய பம்ப் ஒன்றை எடுத்தார். பிரித்துப் பார்த்தார். அதேதான். அவர் சிரிக்கவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தபடி நின்றார்.

அம்மா மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து, முந்தானையால் பொட்டைத் துடைத்து, பைக்குள் போட்டார். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினார். அழவில்லை. முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பின் வளவுக்கு நடந்தார். நானும் ஓடினேன். அங்கே கட்டு இடிந்த கிணறு.

"அம்மா, அது அப்பாக்கு உதவும்தானே!"

பை விழுந்தது. கொஞ்சம் பிந்தித்தான் சத்தம் வந்தது.

அப்பா என் கையிலிருந்த சுத்தியலை வாங்கி அம்மாவிடம் கொடுத்தார். நல்ல சுத்தியல். அதுவும் போனது.

வீதியில் அந்த ஆமிக்காரன் அப்பாவின் கையைப் பார்த்தான். அப்பா பம்பை உயர்த்திக் காட்டினார். அவன் வாகனம் ஓட்டுகிற மாதிரிக் கையை ஆட்டிச் சிரித்தான். அப்பாவும் பல்லைக் காட்டினார்.

பஸ்ஸில் அம்மா என் காதுக்குள் சொன்னார். "மாமி கேட்டா உள்ள ஒண்டும் இல்லையெண்டு சொல்லோணும்."

"ஏன்?"

"சொல்லு எண்டாச் சொல்லு."

மாமி வீட்டுப் படலையில் நின்றார். பம்ப் கிடைத்ததா என்று கேட்கவில்லை.

"ஸ்பானர் பை கிடந்ததோ?"

"இல்ல மச்சாள்," என்றார் அம்மா. "மேசை வெறுமனாக் கிடக்கு."

மாமி என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தனியோ?"

அம்மாவின் கை என் பிடரியில் இருந்தது.

"பாத்தனான் மாமி. வௌவால் புழுக்கைதான்."

மாமி சிரித்தார். அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கண்டதில்லை. "நான் சொன்னனான்தானே! அந்த மனுசன் பெண்டிலை விட்டிட்டுப் போனாலும் ஸ்பானரை விட்டிட்டுப் போகாது." பிறகு குசினிக்குள் போய் எல்லோருக்கும் சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தார். அப்பா அதைக் குடிக்காமல் வானுக்குக் கீழே போய்ப் படுத்து வேலையைத் தொடங்கினார்.

மாமா அன்று காலை கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் முதல் வேலையாகப் பூசையை எடுத்திருப்பார். அது எனக்கு வளர்ந்த பிறகுதான் விளங்கியது. அன்று நான் நினைத்தது வேறு. மாமா அவசரத்தில் பையை மறந்துவிட்டுப் போய்விட்டார். அம்மா அதைக் கிணற்றில் போட்டுவிட்டு, மாமிக்குப் பயந்து பொய் சொல்கிறார். கோப்பையை உடைத்தால் நானும் அப்படித்தான் சொல்வேன்.

சாமானை மறந்துவிட்டுப் போனவர் அதை எடுக்கக் கட்டாயம் வருவார். வந்து, என் பை எங்கே என்று கேட்டால் அம்மா என்ன சொல்லப்போகிறார்? அந்தக் கிணற்றில் யார் இறங்குவது? தேத்தண்ணி இனித்தது. எனக்குக் கிணறுதான் யோசனை.