பன்னிரண்டாவது மூடி

செருப்புக்கடையில் பத்தொன்பது வருடம் கால்களையே பார்த்துப் பார்த்து, அவளுக்கு ஆளின் முகம் மறந்தாலும் கால் அளவு மறக்காது. தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் முதலில் குனிந்து பார்ப்பாள். "ஏழாம் நம்பர், இடது கால் கொஞ்சம் அகலம்" என்று பிடிபட்ட பிறகுதான் சிரிப்பாள். கடையில் எல்லோருக்கும் அவள் அளவக்கா.

அப்பேர்ப்பட்டவளிடம் போய், ஒரு கண்ணாடிச் செருப்பு ஊர் முழுக்க ஒரே ஒருத்தி காலுக்குத்தான் பொருந்தியது என்று கதை விட்டால் எப்படி? மகளுக்குப் படித்துக் காட்டிய அன்றே அளவக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அஞ்சாம் நம்பர் நம்ம தெருவுலயே இருபது பேரு இருக்காங்கடி! அந்த இளவரசன் ஒரே ஒரு நாள் எங்க கடையில வந்து நிக்கட்டும்!"

அந்தக் கோபம்தான் படக்கதை ஆனது. அவள் கதையில் செருப்பு இருநூற்றுப் பதினோரு பேருக்குப் பொருந்துகிறது. இளவரசனுக்குக் குனிந்து குனிந்தே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு, "போடப் போட இளகிடும்" என்று கூசாமல் புளுகவும் கற்றுக்கொள்கிறான். சாப்பாட்டு இடைவேளைகளில், செருப்பு டப்பா மூடிகளின் வெள்ளை உட்புறத்தில் அவள் வரைந்தாள். மூடிக்கு ஒரு பக்கம், மொத்தம் பன்னிரண்டு. மூன்று வருட உழைப்பு.

பதிப்பகத்து அம்மாள் பதினோரு மூடிகளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். பன்னிரண்டாவதில் இளவரசன் செருப்புக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அம்மாள் உதட்டைப் பிதுக்கினார்.

"கல்யாணம் இல்லாம குழந்தைங்க ஏத்துக்க மாட்டாங்கம்மா. மாத்திட்டு அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டாங்க. இல்லேன்னா வேற புத்தகம் அச்சுக்குப் போயிடும்."

மனசே இல்லாமல் அதைக் கிழித்துப் போட்டாள். புது மூடியில் கைகோத்து அசடு வழிய நிற்கும் ஒரு ஜோடியை வரைந்து, பன்னிரண்டையும் சரக்கறை மேல்தட்டில் வைத்தாள்.

அது பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். சனிக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. சரக்கறையைப் பார்த்துக்கொள்ளும் ஏணி (உயரத்துக்காக வைத்த பேர்), கிழிந்த மூடிகளுக்குப் பதிலாக மேலே இருந்த நல்ல மூடிகளை எடுத்து மாட்டிவிட்டான். பன்னிரண்டும் பள்ளிக்கூட ஷூக்களோடு பன்னிரண்டு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

"அடப்பாவி, அது என் புத்தகம்டா!"

"எனக்கெப்படிக்கா தெரியும்? மூடி மூடியாத்தானே இருந்துச்சு!"

திட்டவும் தெம்பில்லாமல், செருப்புப் போட்டுப் பார்க்கும் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் ஒரு சிறுமி அம்மாவை இழுத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். கையில் நான்காவது மூடி.

"ஆன்ட்டி, இவரு ஏன் மூக்கப் பொத்திக்கிட்டிருக்காரு? அப்புறம் என்ன ஆச்சு?"

அளவக்கா அவளை ஸ்டூலில் உட்காரவைத்துக் கதையைச் சொன்னாள். சிறுமி அதை வகுப்பில் போய்ச் சொல்ல, மறுநாள் ஐந்து பேர் மூடியும் கையுமாக வந்து நின்றார்கள். "உங்கிட்ட எந்தப் பக்கம்?" என்று தங்களுக்குள் ஒரே அடிதடி. ஒரு மூடியின் மூலையில் யாரோ பல் பதித்திருந்தார்கள். வியாழக்கிழமைக்குள் பதினொன்று திரும்பிவிட்டன.

"அந்தக் கல்யாண மூடி மட்டும் வரலியேக்கா" என்று ஏணி கையைப் பிசைந்தான்.

அளவக்கா திரும்பி வந்த பதினோரு மூடிகளையும் ஒரு தடவை புரட்டிப் பார்த்தாள். பிறகு கடை அதிரச் சிரித்தாள்.

"எப்படிடா வரும்? அதைப் பாத்தவங்களுக்குக் கேக்க என்ன இருக்கு?"

அப்போதே புது மூடி ஒன்றை எடுத்து, தன் மனசுப்படி வரைய உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை பதிப்பகத்து அம்மாள் மூடிகளைப் புரட்டினார். "கல்யாணம் எங்கம்மா?"

"அது போன வீட்டுலேர்ந்து யாரும் அப்புறம் என்னன்னு கேட்டு வரலைங்க. மத்த பதினொண்ணுக்கும் கடை தேடி வந்துட்டாங்க."

அம்மாள் பன்னிரண்டாவதை எடுத்தார். காதில் ஷூ மாட்டும் கரண்டியைச் செருகிக்கொண்டு இளவரசன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். கடை வாசலை அடைத்தபடி ஓர் அரக்கனின் கட்டைவிரல் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

அம்மாள் மூடியைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் விலைச்சீட்டுதான் இருந்தது.

"அப்புறம்?" என்றார்.

அளவக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

"முதல்ல இதை அச்சுக்கு அனுப்புங்க, சொல்றேன்" என்றாள்.