மஞ்சள் பனியன் அண்ணன்மார்

அம்மன் புண்ணியத்தில் எழுபது தாண்டிவிட்டேன். யாங்கோனில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் அவளிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வருவேன். எதற்கென்று என் பிள்ளைகளுக்குக்கூடச் சொன்னதில்லை.

இதே ஊரில், கிம்மிண்டைங் பக்கம் ஆற்றோரத்து அரிசி மில்லில் அப்பா மூட்டை தூக்கினார். மில் முதலாளி காலேஜில் படித்த காலத்தில் படகுப் போட்டியில் துடுப்புப் போட்டவர். அந்தப் பைத்தியம் அவரை விடவேயில்லை. வருஷா வருஷம் இன்யா ஏரியில் போட்டி வந்தால், மில் ஆட்களின் பிள்ளைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். அவருடைய காலேஜுக்கு மஞ்சள் பனியன். அந்தப் படகு வரும்போது நாங்கள் தொண்டை கிழியக் கத்த வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு கிண்ணம் மொகிங்கா, அரிசிச் சேவையில் மீன் குழம்பு சுடச்சுட ஊற்றித் தருவார்கள். பஜனை பாடுகிற மாதிரி அவ்வளவு சிரத்தையாகக் கத்துவோம்.

எனக்கு எட்டு வயதில் மில்லில் வேலைநிறுத்தம் வந்தது. கரைக்கும் சரக்குத் தோணிக்கும் நடுவே ஒற்றைப் பலகை. மூட்டையோடு அதில்தான் நடக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாமா வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார். கைப்பிடி வைத்து அகலப் பாலம் போட்டால்தான் மூட்டையைத் தொடுவோம் என்று எல்லாரும் மில் கேட்டை மறித்து உட்கார்ந்தார்கள். நாலு நாளாகத் தோணி காலியாக நின்றது. முதலாளி இறங்கி வந்துவிடுவார் என்று பேச்சு.

கேட்டிலிருந்து பார்த்தால் ஆறு தெரியாது. அப்பா என்னைக் கரைக்கு அனுப்பினார். "வேத்தாளு யாராச்சும் வந்தா ஓடியாந்து சொல்லணும், என்ன தாயி?"

இரண்டு படகு நிறைய மஞ்சள் பனியன்கள் வந்தார்கள். துடுப்பெல்லாம் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுந்தன. முதல் படகில் முதலாளியே உட்கார்ந்து தாளம் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குதித்துக் குதித்துக் கத்தினேன். ஒருத்தர் எனக்குக் கையைக்கூட ஆட்டினார். இறங்கி, மூட்டைகளைத் தோணியில் ஏற்றினார்கள். அப்பாவின் வேலையை இவர்களே செய்கிறார்களே, எவ்வளவு நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டில் இருந்தவர்கள், பிள்ளை விளையாட்டுக்குக் கத்துகிறாள் என்று இருந்துவிட்டார்கள்.

மத்தியானம் அப்பா வந்து பார்த்தபோது தோணி நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்தது.

"வேத்தாளு வந்தா சொல்லச் சொன்னேனேம்மா?"

"வேத்தாளு இல்லப்பா, நம்ம அண்ணன்மாரு!"

கூட வந்தவர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "சரியாப் போச்சு! மொதலாளி உன் வீட்டுக்குள்ளயே ஆள் வச்சிருக்காரேப்பா!"

அப்பா அடிக்கவில்லை. என் குரல் கம்மியிருப்பதைப் பார்த்து, டீக்கடையில் வெந்நீர் வாங்கிக் குடிக்க வைத்தார்.

சரக்குப் போய்விட்டது, முதலாளிக்கு இனி என்ன அவசரம்? மறுநாள் எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள். பலகை அதேதான்.

அன்று முதல் அப்பா கிளம்பியதும் அம்மா அம்மன் படத்துக்கு விளக்கேற்றி, அவர் வீடு திரும்பும்வரை எண்ணெய் வற்றாமல் பார்த்துக்கொள்வாள். அந்த விளக்கு அடுத்த வருஷமும் மஞ்சள் பனியன் ஜெயிக்கத்தான் என்று நினைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து உருகி உருகிக் கும்பிட்டேன்.