நாற்பத்திரண்டாவது எடைச் சீட்டு

1963 பிப்ரவரி 26, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிஷம். நோன்புப் பெருநாள். மேகமூட்டம், மழை இல்லை. கடல் பக்கமிருந்து வந்த ஈரக்காற்றில் காது குளிர்ந்தது. கடலூர் ஓ.டி. ரயில் நிலையத்தில் எடை பார்க்கும் மெஷின் மேல் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். பத்து நயா பைசாவை நான்தான் போட்டேன். உள்ளே ஏதோ உருண்டு, சீட்டு விழுந்தது.

171 ராத்தல். கிலோ வந்த பிறகும் அந்த மெஷின் பவுண்டு கணக்கில், ராத்தலில்தான் அடித்துக் கொடுத்தது.

நோன்பு தொடங்குவதற்கு முந்தைய நாள், குடியரசு தின லீவன்று, இதே மெஷினில் 168. முப்பது நாள் பகலில் பச்சைத் தண்ணீர் இல்லை. ஊரே மெலிந்திருந்தது. நான் 131-லிருந்து 124-க்கு இறங்கியிருந்தேன். மெஷின் கோளாறாக இருக்குமோ என்று இன்னொரு காசு போட்டு மறுபடியும் ஏறினேன். மறுபடியும் 124. மெஷினில் தப்பு இல்லை.

அப்போது நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். மாற்றி எழுதினால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

"முப்பது நோன்பும் நெசமா புடிச்சியா, இல்ல எனக்குக் காட்ட மட்டும் புடிச்சியா?"

அவள் மெஷினிலிருந்து இறங்கவில்லை. துப்பட்டியை இழுத்துப் போர்த்தியபடி என்னைப் பார்த்தாள்.

"என்னங்க கேக்குறீங்க?"

"கணக்கு ஒதைக்குது. உள்ள எதுவும் போவாம எடை எப்படி ஏறும்? நான் வேலைக்குப் போனப்புறம் அடுப்பங்கரையில என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

"முப்பது நாளு நோன்பு வச்ச வாயிங்க இது."

அவ்வளவுதான் சொன்னாள். டீ விற்றுக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். இரண்டு போர்ட்டர்கள் பார்த்தார்கள். மூன்று பேர் காதில் விழும்படி, பெருநாளன்று, ஒரு முஸ்லிம் பெண்ணிடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டேன். அப்போது எனக்கு அது கேள்வியாகத்தான் தெரிந்தது.

நான் துறைமுகத்தில் டேலி கிளார்க். படகில் ஏறும் மூட்டைகளைக் கரையில் நான் எண்ணுவேன். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலில் இன்னொருவர் எண்ணுவார். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் எண்ணியவன் தூங்கியிருக்க வேண்டும், அல்லது நடுவில் யாரோ கை வைத்திருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்பது இருபத்தேழு வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.

அவள் பருக்க ஆரம்பித்தது 1961-ல். முதல் சீட்டு ஜூன் மாதம், 142 ராத்தல். பதினைந்து நாளைக்கு ஒரு முறை அழைத்துப் போவேன். எதற்காக இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டால் காரணம் இருக்கிறது. அவளுடைய உம்மா இப்படித்தான் ஊதி, நடக்க முடியாமல் போய், நாற்பத்தாறு வயதில் மாரடைப்பில் இறந்தார். இவளுக்கு நாற்பத்துமூன்று நடந்துகொண்டிருந்தது. மூன்று வருஷம்தான் இருக்கிறது என்று எனக்குள் ஒரு எண் உட்கார்ந்துவிட்டது. மகன் சிங்கப்பூரில், மகள் நாகப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்த வீட்டில். இவளும் போய்விட்டால் வீட்டில் ஒருவன்தான் மிச்சம். அந்தப் பயத்தில் செய்தேன் என்று சொன்னால் பாதி உண்மை.

முதலில் எண்ணெயைக் குறைத்தேன். பிறகு சோற்றை. இரண்டு கரண்டி ஒன்றாயிற்று, ராத்திரிக்குக் கேப்பைக் கஞ்சி என்றாயிற்று. காலையில் வீட்டிலிருந்து உப்பனாற்றுக் கரை வரை போய்த் திரும்ப 3,240 எட்டு வைக்க வேண்டும். தினமும் நடத்தினேன். பாதி வழியில் நின்றுவிடுவாள்.

"கால் எழும்ப மாட்டேங்குதுங்க."

"எழுப்புனா எழும்பும்."

அவளுக்குக் குரல் கரகரத்திருந்தது. சித்திரை மாதத்தில் போர்வை கேட்டாள். உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். சீப்பில் முடி கொத்தாக வந்தது. மாதவிலக்கு நாற்பத்தொரு வயதிலேயே நின்றுபோனது. இதையெல்லாம் பார்த்தேன். சோம்பல், வயசு என்று ஒதுக்கினேன். எதற்கும் எண் இல்லை, அதனால் எதுவும் கணக்கில் சேரவில்லை.

எடை ஏற ஏற வெல்லப் பானைக்குள் கரிக்கோடு போட்டேன். பிஸ்கட் டின்னை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஆபீசில் கூட இருந்த கிளார்க் கேலி செய்வார்: "பட்டினி போட்டே பெருக்க வக்கிற வித்தைய எங்களுக்கும் சொல்லிக் குடுங்க பாய். என் வூட்டுக்காரி நோஞ்சானா இருக்கா."

கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே தட்டில்தான் சாப்பிடுவோம். எங்கள் ஜனத்தில் விருந்து என்றால் சஹன், அதாவது ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர். வீட்டிலும் எங்கள் இருவருக்கும் அந்தப் பழக்கமே. அந்த வருஷ நோன்பில், விடியுமுன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டின்போது அந்தத் தட்டில் அவள் எடுத்த பிடிகளை எண்ணினேன். பதினொன்று, பன்னிரண்டு. என்னுடையது இருபத்துநான்கு. நான் எண்ணுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே பிடியைச் சின்னதாக்கிக்கொண்டே போனாள்.

இவ்வளவுக்கும் பிறகு 171. அதுதான் நாற்பத்திரண்டாவது சீட்டு.

பெருநாளைக்குச் சிதம்பரத்தில் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போவது வழக்கம். ரயிலில் ஐந்தாவது நிற்குமிடம் சிதம்பரம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொன்றாகக் கழிந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் கொடுத்த சோடாவைக் கையில் வாங்கவில்லை. தொண்டை காய்ந்திருக்காது என்று நினைத்தேன். அந்த நினைப்பையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஆண்களுக்குச் சஹன் வைத்தார்கள். நெய்ச்சோறு, கறி, தாளிச்சா. என் மச்சான் வாய்த்துடுக்குக்காரர்.

"மச்சானோட ஒரே சஹன்ல ஒக்காராதீங்கப்பா. நாலு பேரு எத்தன பருக்க தின்னீங்கன்னு சாயங்காலம் ரசீது குடுப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டாவது பிடி எடுக்கும்போது மச்சானின் மனைவி கதவருகே வந்து நின்றார்.

"இங்க வாங்களேன்" என்று தன் கணவரைக் கூப்பிட்டார். "ஒங்க தங்கச்சி ஒரு வாய் சாப்புட மாட்டேங்குறாங்க. தண்ணியும் வேணாங்குறாங்க. என் நோன்பு இன்னும் முடியலேன்னு சொல்றாங்க."

பெருநாளன்று நோன்பு பிடிப்பது ஹராம், கூடவே கூடாது. குழந்தைக்கும் தெரியும்.

மச்சான் கையைக் கழுவாமலே உள்ளே போனார். திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"ஸ்டேசன்ல என்ன கேட்டீங்க மச்சான்?"

நான் சொன்னேன். எடைகளையும் சொன்னேன், 168, 171, 131, 124. எண்களைச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று இருந்தேன்.

"எங்க வூட்டுப் பொண்ண மூட்டையா எண்ணுனீங்களா?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, அண்ணன் ஊட்டிய நாலு வாய் சாப்பிட்டாளாம். பிறகு படுத்தாள். சாயங்காலத் தொழுகைக்கு, அஸருக்கு எழுப்பினார்கள், எழுந்திருக்கவில்லை. உலுக்கினார்கள். கண் திறந்து, யாரென்று தெரியாதவள் போலப் பார்த்து மறுபடியும் மூடிக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது. எனக்கு அந்த மூன்று வருஷம் மூன்று மணி நேரமாகச் சுருங்கியது போல இருந்தது. சட்டைப் பையில் எடைச் சீட்டுகள் இருந்த உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு எதைப் பிடிப்பதென்று தெரியவில்லை.

மச்சான் போய் இரண்டு தெரு தள்ளி இருந்த டாக்டரைக் கூட்டி வந்தார். வயதானவர், பொறுமைக்காரர். கன்னத்தைத் தொட்டார், புருவ ஓரத்தைப் பார்த்தார், கழுத்தில் விரல் வைத்தார். பெயரைக் கேட்டார், அவள் கரகரப்பாக முனகினாள்; மச்சானின் மனைவியிடமும் கொஞ்ச நேரம் விசாரித்தார். அவளைத் திருப்பிப் படுக்கவைத்துக் குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. ஆனால் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் எடுத்துக்கொண்டது, நனைந்த துணி இறங்குவது போல. இன்னொரு முறை தட்டிவிட்டு எழுந்தார்.

"எவ்வளவு நாளா இப்படிக் குரல் கட்டியிருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பதில் உறையைக் கொடுத்தேன். அவர் சீட்டுகளைக் கட்டிலின் மேல் வரிசையாகப் பரப்பினார். நாற்பத்திரண்டு.

"இவ்வளவு எழுதி வச்சிருக்கீங்க. குளிருதுன்னு சொன்னது, முடி கொட்டுனது, மாதவிலக்கு நின்னது, ஒண்ணுகூட இல்லியே சார்."

பிறகு விளக்கினார். தொண்டையில் தைராய்டு என்று ஒரு சுரப்பி. உடம்பு சாப்பாட்டை எரிப்பதற்கு அதிலிருந்துதான் ஒரு நீர் ஊறுகிறது. அவளுக்கு அது ஏறக்குறைய வற்றிவிட்டது.

"அடுப்பே எரியல. நீங்க அரிசியக் குறைச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. இந்தம்மா பட்டினி கெடந்தாலும் ஏறும். இதுல பாதி சதையே இல்ல, நீர்."

"அப்போ அவ..." என்று ஆரம்பித்தேன்.

"அவுங்க பொய் சொல்லல சார்" என்றார் டாக்டர். நான் கேட்க வந்தது அதுதான். மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரை கால் அளவில் ஆரம்பித்தார். மெதுவாகத்தான் கூட்ட வேண்டும், அவசரப்பட்டால் இருதயம் தாங்காது என்றார். அதன் பிறகு நடை, அதன் பிறகு சாப்பாட்டில் கட்டுப்பாடு. "மாத்திர பாதி வேலதான் செய்யும். மீதிய அவுங்க நடந்து கரைக்கணும். ஆனா மொதல்ல வயித்துக்குச் சாப்பிடட்டும். ரத்தமே இல்ல."

அவள் என்னோடு கடலூர் திரும்பவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் போனேன். கூடத்தில் உட்காருவேன். டீ வரும். அவள் வரமாட்டாள். பத்து வாரம், பதினைந்து வாரம்.

"எப்படி இருக்கா?" என்று மச்சானைக் கேட்பேன்.

"நடக்குறா. சிரிக்குறா. இப்பல்லாம் போர்வ கேக்குறதில்ல." அதற்கு மேல் சொல்லமாட்டார். எத்தனை ராத்தல் என்று கேட்க நாக்கு எழும்பி, அடங்கிவிடும்.

ஜூலையில் ஒரு நாள் காலை வண்டியில் போனபோது, அவளும் அண்ணியும் வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்தார்கள். நான் பத்தடி பின்னால் போனேன்; என் செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரிந்ததுதான். வெள்ளைத் துப்பட்டிக்குள் அவள் சுருங்கியிருந்தாள். முகத்தின் வீக்கம் வடிந்து, கல்யாணத்தின்போது இருந்த தாடை தெரிந்தது. முன்பெல்லாம் இழுத்துக்கொண்டு போக வேண்டிய கால் இப்போது தானே முன்னால் போனது. பழக்கதோஷம், கால் என்னை அறியாமல் அவள் எட்டுக்கு எட்டு வைத்தது. உதடும் அசைந்திருக்க வேண்டும்.

அவள் நின்றாள். திரும்பவில்லை.

"எண்ணிக்கிட்டு வராதீங்க."

ஐந்து மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. குரலில் கரகரப்பு இல்லை. நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவர்கள் போய்விட்டார்கள்.

செப்டம்பரில் தானாகவே கடலூர் வந்தாள். காலையில் மாத்திரை, பிறகு உப்பனாற்றுக் கரை வரை தனியாக நடை, அளவாகச் சாப்பாடு. யாரும் சொல்லவில்லை. அவளே செய்தாள். எடை எவ்வளவு குறைந்தது என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு அவள் எந்த மெஷினிலும் ஏறவில்லை. நாற்பத்துமூன்றாவது சீட்டு கிடையாது.

வந்த அன்று மத்தியானம் வழக்கமான தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்தாள். இடதுபக்கம் நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அங்கே இன்னொரு தட்டின் சத்தம் கேட்டது. ராத்திரியும் அப்படியே. மறுநாளும்.

அடுத்த நோன்பில் சஹருக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு முப்பதும் பிடித்தாள். கதவுக்கு அந்தப் பக்கம். பெருநாளன்று தொழுதுவிட்டு வந்து, வாசலிலேயே நின்று கேட்டேன்:

"என்னைப் பொறுத்துக்க."

"நான் அப்பவே பொறுத்துட்டேன்" என்றாள். நெய்ச்சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். "நோன்பு மேல இருக்குறவனுக்காகப் புடிச்சது. அவன்கிட்ட கேளுங்க."

கோபம் இல்லை. சண்டை இல்லை. என் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், ஜுரத்தில் நெற்றிக்குப் பத்து போட்டாள், பேரன் பிறந்த தந்தியைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் இருந்தது. என் கண் எதிரில் சாப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள். கதவைத் திறந்து வை என்று ஒரு முறை கெஞ்சினேன். "பழகிப்போச்சுங்க" என்றாள். நாற்பத்தாறு வயதைத் தாண்டினாள், ஐம்பதைத் தாண்டினாள், அறுபதையும் தாண்டினாள். நான் பயந்த எண் பொய்த்துப்போனது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

1981 ஜூலை பதினொன்றாம் தேதி விடியற்காலை இறந்தாள். கடைசிப் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில், கை எழும்பாததால், கஞ்சியை நான் ஸ்பூனில் ஊட்ட வாயைத் திறந்தாள். எத்தனை ஸ்பூன் என்று நான் எண்ணவில்லை.

அந்தப் பெருநாளிலிருந்து ஜூலை பத்து முடிய 6,710 நாள். பதினொன்றைக் கழித்தால் 6,699. நாளைக்கு இரண்டு வேளை என்று வைத்தால், அவள் என்னோடு உட்காராமல் நான் தனியாகச் சாப்பிட்ட சாப்பாடு 13,398.