முப்பத்தொண்டுப் பாட்டு

பத்து வருடம் வானொலியில் நாட்டுப்பாடல் பாடியவள் நான். புலம்பெயர்ந்த எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் என் முகத்தைத் தெரியாதவர்களுக்கும் குரலைத் தெரியும். இப்போது அதுவே எனக்கு வினை.

வானொலி நிலையம் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் நிற்க வேண்டிய அறை. சனிக்கிழமைகளில் அறுவடைக்கால அருவி வெட்டுப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, கும்மி என்று நேயர்கள் கேட்டதையெல்லாம் பாடினேன். பிறகு இசைத்தட்டு போடும் ஆசை வந்தது. அது யாரைத்தான் விட்டது? ஒபர்வில்லியேயில் ஒரு துணிக் களஞ்சியத்தில், சத்தம் எதிரொலிக்காது என்று துணிக்கட்டுகளுக்கு நடுவில் நிறுத்திப் பதிந்தார்கள். வெளியே லொறி வரும்போதெல்லாம் நிறுத்தி, முதலிலிருந்து பாடினேன்.

எட்டுப் பாட்டு. கடைசியாக, என் மகன் பிறந்தபோது நானே கட்டிய தாலாட்டு. ஆராரோ தொடங்குமுன் சொல்லே இல்லாமல் கொஞ்ச நேரம் ராகம் மட்டும் இழுப்பேன்.

இசைத்தட்டை நிலையத்தில் கொடுத்தபோது அறிவிப்பாளர் ஒவ்வொரு பாட்டுக்கும் குறிப்பு எழுதினார்.

“கடைசி என்னக்கா?”

“அது முப்பத்தொண்டுக்குப் பாடினது, தம்பி.”

எங்கள் ஆட்களுக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு இரண்டு. பிள்ளை பிறந்த தீட்டான துடக்கைக் கழிக்கும் நாளும் அதுதான், செத்தவருக்கு அந்தியேட்டி செய்யும் நாளும் அதுதான். நான் ஒன்றைச் சொன்னேன், அவர் மற்றதை எழுதினார்.

அடுத்த மாதம் நிலையத்துக்குக் கீழே கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே அந்த ராகத்தை இழுத்திருக்கிறேன். காசு வாங்கும் பெண் நிமிர்ந்து, “ஆரக்கா மோசம் போனது?” என்றாள். யார் செத்தது என்று கேட்கிறாளே என விழித்தேன். அவள் தன் கைபேசியில் வானொலியைப் போட்டுக் காட்டினாள். மரண அறிவித்தல். பெயர், பிறந்த ஊர், பிள்ளைகள், மருமக்கள் எல்லாவற்றுக்கும் அடியில், ஆராரோவுக்கு முன் நான் இழுக்கும் தாலாட்டு ராகம்.

ஒரே மூச்சில் மேலே ஏறி அறிவிப்பாளரைக் கேட்டேன்.

“நீங்கள்தானேயக்கா முப்பத்தொண்டு எண்டனீங்கள்?”

“பிள்ளைக்குச் செய்யிற முப்பத்தொண்டு, தம்பி.”

தலையில் கைவைத்தார். பிறகு தயங்கித் தயங்கி, “சனம் பழகிப்போச்சக்கா. உங்கட குரல் வந்தாத்தான் சத்தத்தைக் கூட்டிக் கேக்கினம்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அதற்குள் துளி பெருமையும் இருந்தது, அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. நிறுத்து என்று சொல்லவில்லை. பிறகு பார்ப்போம் என்று இறங்கி வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரு கல்யாணத்துக்கும் என்னைப் பாடக் கூப்பிடவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒன்பது வருடம் காத்திருந்த என் தங்கச்சிக்கு இப்போது பெண் குழந்தை பிறந்தது. என் மகனின் முப்பத்தொன்றில், “எனக்கொரு பிள்ளை பிறந்தா இதைத்தானக்கா பாட வேணும்” என்று என் தோளில் சாய்ந்து அழுதவள் அவள். அவளே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“பிள்ளையின்ர முப்பத்தொண்டுக்கு வெள்ளெண, விடியவே வந்திடுங்கோ அக்கா. பாட்டு மட்டும் வேண்டாம். மாமி ஆக்கள் ஒரு மாதிரி நினைப்பினம்.”

“ஓம்” என்றேன்.

சென் தெனியில் அவள் வீடு நிறைந்திருந்தது. பிள்ளை வீரிட்டு அழுதபடி கை மாறி மாறி என் மடிக்கு வந்தது. வாய் தன் பாட்டில் அந்த ராகத்தைத் தொடங்கிவிட்டது. அழுகை விம்மலானது, இமைகள் செருகின, என் விரலைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. குசினியில் பாத்திரம் கழுவிய யாரோ குழாயை மூடினார்கள். கூடத்தில் பேச்சு நின்றது. தங்கச்சியின் மாமி ஈரக் கையோடு வாசலில் வந்து நின்று, “ஆராம் மோசம் போனது?” என்று கேட்டார்.

தங்கச்சி ஓடி வந்தாள். “குறை நினையாதேங்கோ அக்கா” என்று பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

பிள்ளை விழித்து மறுபடி அழத் தொடங்கியது. யார் யாரோ தூக்கி ஆட்டிப் பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.