பரிசோதனைக்கூடத்துக்கு வைத்த பரீட்சை

எண்பதுகளில் நானும் என் மைத்துனனும் செஞ்சிக் கடைவீதியில் டி.வி. ஸ்டெபிலைசர் செய்து விற்றோம். அது கிளப்பும் மின்காந்த இரைச்சல் அனுமதித்த அளவுக்குள் அடங்குகிறது என்று மொத்தமாக வாங்க வந்தவர்கள் சான்றிதழ் கேட்டார்கள்.

மெட்ராஸில் எந்தப் பரிசோதனைக்கூடத்தை நம்புவது? தெருவிலுள்ள அத்தனை டி.வி.யிலும் புள்ளி விழவைத்த எங்கள் படுமோசமான பெட்டியை வேண்டுமென்றே கொண்டுபோனோம். முதல் இரண்டு இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட்டார்கள். மூன்றாவது இடத்து இன்ஜினியர், "ஃபெயில் சார்" என்றார். நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்தோம். மனிதர் மிரண்டுபோனார்.

"நீங்கதான் சார் எங்களுக்கு வேணும்" என்று மைத்துனன், பார்த்துப் பார்த்துச் செய்த நல்ல பெட்டியைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

சோதித்துவிட்டு வந்தவர் தயங்கினார். "இது அதைவிட மோசம் சார்."

பஸ் திண்டிவனம் தாண்டியும் எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மைத்துனன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "இன்னா மாமா, நாலாவதா ஒரு எடம் பாத்துடலாமா?"