இரண்டு படமும் ஒரே நிறம்

கம்ப்யூட்டர் திரையை அடுத்தவர் கண்ணுக்கு ஒத்துப்போகிற மாதிரி வைத்துக் கொடுப்பது என் வேலை. அதில் குறை கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. நவி மும்பை வாஷியில் ஒரு சரக்கு கம்பெனி. ஆறு மாதம் தற்காலிகம். புகார் டிக்கெட்டுகளை ஒழுங்காக முடித்தால்தான் நிரந்தரம். தாராவியில் எங்கள் வீட்டில் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய முதல் ஆள் நான். தற்காலிகமாகவே சம்பளம் வாங்கும் சகோதர சகோதரிகளே, என் நிலைமையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மஞ்சள்

எச்.ஆர். மீனா மேடத்துக்குக் கண் எரிச்சல். நீல வெளிச்சத்தைக் குறைக்கும் நைட் லைட்டைப் போட்டேன். குறைப்பதே குறைக்கிறோம், முழுசாகக் குறைப்போம் என்று கடைசி வரை இழுத்துவிட்டேன். மேடம் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கண்ணு எரியுதுன்னுதானே சொன்னேன்? மானிட்டருக்கு எதுக்கும்மா மஞ்சள் தேச்சுவிட்டே?"

கறுப்பு வெள்ளை

அடுத்த வாரமும் அதே மேடம். திரையில் நிறமே இல்லை. கேபிளை மாற்றினேன். மானிட்டரை மாற்றினேன். மேசைக்கு அடியில் தவழ்ந்தேன். என் டீம் லீடர் செல்வின் அண்ணன் வந்து விண்டோஸ், கண்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினார். கறுப்பு வெள்ளை ஃபில்டர் விலகி நிறம் வந்துவிட்டது. மேடம் எதையோ காப்பி செய்யும்போது விரல் பக்கத்து விசையிலும் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அண்ணன் தூத்துக்குடிக்காரர், திட்டமாட்டார். அதைவிட மோசமாகப் பேசுவார்.

"ஏ பிள்ள, மேசையையும் கழத்தி மாத்திருக்கலாம்லா, அத மட்டும் ஏன் விட்ட?"

மூன்றாவது மானிட்டர்

சரக்கை அனுப்பிவைக்கும் டிஸ்பாட்ச் பிரிவு விஸ்வநாதன் சார் மாட்டுங்காவாசி. அவருடைய பட்டியலில் பச்சைக் கட்டம் என்றால் பெட்டி போகலாம், சிவப்பு என்றால் நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டிய பெட்டி இரண்டு முறை போய்விட்டது. "மானிட்டர் கோளாறு" என்று டிக்கெட் போட்டே இரண்டு மானிட்டர் மாற்றியிருந்தார். மூன்றாவதற்கு நான் போனேன். "ரெண்டு கட்டமும் ஒரே மாதிரின்னா இருக்கு" என்றார். எனக்குப் பளிச்சென்று வேறு வேறாகத் தெரிந்தது. கோளாறு எங்கே என்று புரிந்தது. சொல்லப் பயமாக இருந்ததால், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்களுக்கான கலர் ஃபில்டரை நேராகப் போட்டுவிட்டேன். இரண்டும் பிரிந்து தெரிந்தன. சார் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இதை யார்ட்டயும் சொல்லப்படாது, கேட்டியா? ரிடையராக ரெண்டு வருஷம்தான் இருக்கு, டிஸ்பாட்ச்லேர்ந்து தூக்கிடுவா."

ஒரே படம்

டிக்கெட்டை மூட, சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த ஸ்கிரீன்ஷாட் இணைக்க வேண்டும். காரணமும் எழுத வேண்டும். இணைத்தேன். அந்த ஃபில்டர் ஸ்கிரீன்ஷாட்டில் விழாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு படமும் அச்சு அசலாக ஒன்றே. காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன்; பொய் எழுத வரவில்லை, உண்மை எழுத முடியவில்லை. என்னை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று அண்ணன் முடிவுசெய்து கையெழுத்துப் போட இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

"வேலையே பாக்காம டிக்கெட்ட மூடிருக்க. இதுக்கு என்ன சொல்லுத?" என்றார் அண்ணன்.

"வேலை பாத்தேன் அண்ணே. அதுக்கு மேல கேக்காதீங்க."

"கேக்காம எப்படி பிள்ள கையெழுத்துப் போட?"

அவர் குரல் டிஸ்பாட்ச் வரை கேட்டிருக்க வேண்டும். விஸ்வநாதன் சார் எழுந்து வந்தார். மீனா மேடம் உட்பட எல்லோரும் பார்க்க, அண்ணன் மேசை முன் நின்றார்.

"தம்பி, நேக்குச் சிவப்பும் பச்சையும் பேதம் தெரியாது. இவ போட்டுக் கொடுத்தப்புறம்தான் பட்டியலே பிடிபடறது. என்னை எங்க வேணா மாத்திக்கோங்கோ, இவளுக்குக் கையெழுத்தைப் போடு. ஆனா ஒண்ணு, மீனா அட்டெண்டன்ஸ் ஷீட்ல அடிச்சு வச்சிருக்கற கலரெல்லாம் இப்பத்தான் தெரியறது, தெரியாமலே இருந்திருக்கலாம்."

அண்ணன் கையெழுத்துப் போட்டார், சாரை யாரும் மாற்றவில்லை. ஆக, திரையில் நிறத்தை மாற்ற ஒரு நிமிடம் போதும், கோளாறு மானிட்டரில் இல்லை என்று ஒரு மனிதர் ஒப்புக்கொள்ளத்தான் மூன்று மானிட்டர் வேண்டியிருக்கிறது.