வெறும் வாசல்

விளாங்குடியில் சிமெண்டு வாசலோடு வீடு கட்டியதும், வீட்டில் முதலில் படித்தவன் என்ற தோரணையில், “இனிமேல் கோலம் வேண்டாம், வாசல் அழுக்காகுது” என்று சொல்லிவிட்டேன்.

தங்கையைப் பெண் பார்க்க அலங்காநல்லூரிலிருந்து வந்தவர்கள் தெருவிலேயே நின்றார்கள்.

“வாசல் வெறிச்சுனு கெடக்கே. வீட்டுல யாரும் தவறிட்டாகளா தம்பி?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“இல்லங்க, நான்தான் போட வேணாம்னு…”

“நல்ல காரியத்துக்கு வந்துட்டு இதுல எப்படிக் கால் வைக்க?” என்று திரும்பினார்.

பட்டுச்சேலையோடு தங்கை வெளியே ஓடிவந்தாள். “நில்லுங்க அத்தை, இந்தா போட்டுர்றேன்” என்று குனிந்து புள்ளி வைத்தாள்.

“நாம பாக்க வந்தா, பொண்ணே தெருவுக்கு வந்துருச்சே!” என்று மாப்பிள்ளையின் அக்கா சிரித்தாள். கோலம் முடியும்வரை காத்திருந்து, மிதிக்காமல் ஒதுங்கி எல்லோரும் உள்ளே போனார்கள்.

வீட்டில் எல்லோரும் சுகம் என்று தெருவுக்குச் சொல்லத்தான் தினமும் கோலம் போடுகிறார்கள் என்பது, தங்கை கையிலிருந்த மாவை உதறியபோதுதான் எனக்கு உறைத்தது.